இழிதல்: ஒரு சொல்லின் வரலாறு

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிப் பாரூரில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கழகத்தின் வளர்ச்சியைப் பற்றி எனக்கு முன்பு பேசிய பெரியோர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பொருளோ ஒரு சொல். வளர்ச்சியைக் கொண்டாடும் நாளில் வீழ்ச்சியைக் குறிக்கும் சொல்லைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. ஏனெனில் நம் முன்னோர்மீது வீசப்பட்டது கல்லும் கட்டையும் மட்டுமன்று, சொல்லும் வீசப்பட்டது. உடம்பில் பட்ட கல்லின் காயம் ஆறிவிடுகின்றது. சொல்லோ தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகின்றது. ஆகவே அச்சொல்லின் பொருள் யாது, தோற்றம் யாது, வழக்கு யாது என்று ஆராய்வது கல்விக் கழகம் ஒன்றின் கடமையே ஆகும்.

நான் எடுத்துக்கொண்ட சொல் 'இழிதல்' என்பது.

ஒரு பொருளோ நிலைமையோ முன்னிருந்ததைவிட மோசமாவதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. பால் கெடுகின்றது, உடல் நலிகின்றது, நிலவு தேய்கின்றது, குடும்பம் சீரழிகின்றது, நோய் முற்றுகின்றது. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான வீழ்ச்சியைக் காட்டுவதை நோக்குக. கெடுதல் என்பது தன் இயல்பை இழத்தல். நலிதல் என்பது வலிமை குன்றுதல். தேய்தல் என்பது சிறிது சிறிதாகக் குறைதல். முற்றுதல் என்பதோ வியப்பானது. கதிர் முற்றினால் உழவனுக்கு மகிழ்ச்சி. நோய் முற்றினால் உறவினர்க்குக் கண்ணீர். ஒரே சொல் எதனோடு சேர்கின்றதோ அதற்கேற்ப நன்மையையும் தீமையையும் தருகின்றது.

'மோசம்' என்னும் சொல்லையும் இங்கே நினைவு கூரலாம். நம் வட்டாரத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கின்றன. கன்னடத்திலும் தெலுங்கிலும் மோசம் என்றால் ஏமாற்று, வஞ்சனை என்பதே பொருள். தமிழிலும் 'மோசம் செய்துவிட்டான்' என்னும்போது அதே பொருள்தான். ஆனால் 'மழையில்லாமல் நிலைமை மோசமாகிவிட்டது' என்று நாம் சொல்லும்போது அங்கே ஏமாற்றியவர் எவரும் இல்லை. வஞ்சனையைக் குறித்த சொல் தமிழில் விரிந்து, கேடு அடைவதையெல்லாம் குறிக்கலாயிற்று.

இச்சொற்கள் எல்லாவற்றினின்றும் 'இழிதல்' வேறுபட்டு நிற்கின்றது. கெடுவதற்கும் தேய்வதற்கும் உயரம் வேண்டுவதில்லை. இழிவதற்கு மேல், கீழ் என்னும் இரண்டு இடங்கள் வேண்டும். மேலிருந்து கீழே வருவதே இழிதல். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியும் 'இறங்குதல்' என்பதையே இச்சொல்லுக்கு முதற்பொருளாகத் தருகின்றது. தாழ்வுறுதல், நிலைகுலைதல் முதலியன அதன் பின்னரே வருகின்றன.

பழந்தமிழ்ப் புலவர்கள் இச்சொல்லை எவ்விதக் கூச்சமும் இன்றிக் கையாண்டார்கள். மலையினின்று அருவி இழியும். தேரினின்று தலைவன் இழிவான். குதிரையினின்று வீரன் இழிவான். திருமுருகாற்றுப்படையின் இறுதியில் வரும் பழமுதிர்சோலை மலையின் அருவியும் இழிதரும் அருவியே. அருவி இழிந்ததால் அதற்கு என்ன இழிவு? அதன் அழகே அது இழிவதில்தான் இருக்கின்றது.

இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் தென்பெண்ணையாறு கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றுகின்றது. அங்கிருந்து இழிந்து, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையைக் கடந்து, கிருஷ்ணகிரி அணையில் தேங்கி, நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நம் பாரூர் ஏரிக்கு வந்து சேர்கின்றது. ஏரியின் மதகைத் திறந்தால் நீர் மேலும் இழிந்து வயலை அடைகின்றது. மேட்டிலே நின்றுவிட்ட நீரால் பயிர் விளைவதில்லை; பள்ளத்திற்கு இழிந்த நீரால்தான் விளைகின்றது. பழந்தமிழில் இழிதல் என்பது இத்தகைய இயல்பான இயக்கத்தின் பெயராகவே முதற்கண் இருந்தது.

இதற்கு உயிருள்ள சான்று ஒன்றும் நம் அண்டையிலேயே இருக்கின்றது. இங்கிருந்து பெங்களூருக்குச் செல்லும் நம் இளைஞர்கள் அதனை அடிக்கடி கேட்டிருப்பார்கள். கன்னட நடத்துநர் நிறுத்தம் வந்ததும் 'இளியிரி, இளியிரி' என்று பயணிகளை விரைவுபடுத்துகின்றார். விரைந்த பேச்சில் அது 'இளீரி' என்று ஒலிக்கும். 'இறங்குங்கள்' என்பது அதன் பொருள். பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் பிற்காலத்தில் ளகரமாக மாறிவிட்டது. நம் ஏழு அவர்களுக்கு ஏளு. நம் கோழி அவர்களுக்குக் கோளி. அவ்வாறே நம் இழி அவர்களுக்கு இளி. பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இவ்விரண்டையும் ஒரே வேரின்கீழ் வைக்கின்றது.

கன்னடத்தில் விலை 'இளிகின்றது'. அங்கே மக்கள் மகிழ்கின்றார்கள். சுமைவண்டியிலிருந்து மூட்டையை 'இளிசு' என்கின்றார்கள். இறக்கு என்பது பொருள். முதுமைப் பருவத்தை 'இளிவயசு' என்கின்றார்கள்; அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. ஆனால் தமிழில் 'இழித்தான்' என்றால் மூட்டையை இறக்கினான் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. ஒருவரை அவமதித்தான் என்றே கொள்கின்றோம். ஒரு தாய் வயிற்றுச் சொல், எல்லைக்கு அப்பால் பேருந்தினின்று இறங்குவதைக் குறிக்கின்றது. எல்லைக்கு இப்பால் மனிதனை இறக்குவதைக் குறிக்கின்றது. தமிழில் இப்பொழுது பேருந்தினின்று 'இறங்கு'கின்றோமேயன்றி 'இழி'வதில்லை. இழிவு என்னும் கறை படிந்துவிட்டதால், இயல்பான இயக்கத்திற்கு வேறு சொல்லே நிலைத்துவிட்டது போலும்.

மொழிநூலார் இத்தகைய மாற்றத்தை 'இழிபொருட்பேறு' என்பர். முன்பு நற்பொருளிலோ பொதுப்பொருளிலோ வழங்கிய சொல் பின்பு தீய பொருள் பெறுவதே அது. 'நாற்றம்' என்னும் சொல் பண்டு பூவின் மணத்தையும் குறித்தது. இன்று சாக்கடையை மட்டும் குறிக்கின்றது. இதற்கு மாறானது 'உயர்பொருட்பேறு'. 'களிப்பு' என்பது கள்ளுண்டு மயங்குதலைக் குறித்து, இன்று தூய மகிழ்ச்சியைக் குறிக்கின்றது. இழிபொருட்பேறு என்னும் கலைச்சொல்லில் உள்ள 'இழி' என்பதே இழிபொருட்பேறு அடைந்த சொல்தான் என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி, இறங்குதலைக் குறித்த சொல் மனிதனைக் குறிக்கத் தொடங்கியது எப்பொழுது? இக்கேள்விக்கு உண்மையை மறையாது விடை கூற வேண்டும். பழந்தமிழ் நூல்களிலேயே அதன் தொடக்கம் இருக்கின்றது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களின் வழக்கு கூறப்படுகின்றது. தன்னின் உயர்ந்தவனிடம் கேட்கும் இழிந்தோன் 'ஈ' என்பான்; ஒத்தவனிடம் கேட்பவன் 'தா' என்பான்; உயர்ந்தோன் 'கொடு' என்பான். கேட்கும் பொருள் ஒன்றே. கேட்பவனின் படிக்கட்டு மட்டும் வேறு. ஆக, மக்களை மேல், கீழ் என நிறுத்திய படிக்கட்டு இலக்கணத்திற்குள்ளேயே அன்று இடம் பெற்றுவிட்டது.

புறநானூற்றில் 82, 287, 289ஆம் பாடல்களில் 'இழிசினன்' என்னும் சொல் வருகின்றது. அவற்றுள் 82ஆம் பாடல் நம் சிந்தனைக்கு உரியது. சாத்தந்தையார் என்னும் புலவர் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர்த்திறத்தைப் பாடுகின்றார். ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகால வலி, வானிலே மழை, மாலைப் பொழுதும் சாய்கின்றது. இந்நிலையில் வாரினால் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவன் வேலையை முடித்துவிட்டு ஓட வேண்டும் என்னும் துடிப்போடு ஊசியைச் செலுத்துகின்றான். அவன் கையின் ஊசி எத்துணை விரைவாக ஓடுமோ, அதனினும் விரைவாக மன்னனின் போர் நிகழ்ந்தது என்கின்றார் புலவர். அரசனின் திறமையை அளப்பதற்கு அவருக்குக் கிடைத்த அளவுகோல் அந்தத் தொழிலாளியின் கை. அக்கைக்கு உரியவனுக்கு அவர் இட்ட பெயரோ இழிசினன். உழைப்பைப் போற்றிக்கொண்டே உழைத்தவனைத் தாழ்த்திய மனப்பான்மை எவ்வளவு பழைமையானது என்பதை இப்பாடல் காட்டிவிடுகின்றது.

எனினும் அதே புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கு குடிகளைக் கூறி, இவையன்றி வேறு குடி இல்லை என்கின்றார். 183ஆம் பாடலில் பாண்டியன் நெடுஞ்செழியன், கீழ்ப்பால் எனப்பட்டவன் ஒருவன் கற்றுவிட்டால், மேற்பால் எனப்பட்டவனும் அவனிடம் சென்று பணிந்து நிற்பான் என்கின்றான். படிக்கட்டும் அங்கே இருந்தது. படிக்கட்டைக் கல்வி தகர்க்கும் என்ற எண்ணமும் அங்கே இருந்தது.

திருவள்ளுவர் 'மானம்' என்னும் அதிகாரத்தில் (குறள் 964) இச்சொல்லின் இரண்டு பொருள்களையும் ஒரே குறளில் சந்திக்க வைக்கின்றார். தலையிலிருந்து இழிந்துவிட்ட மயிரைப் போன்றவர், தம் நிலையிலிருந்து இழிந்துவிட்ட மாந்தர் என்பது கருத்து. மயிர் இழிதல் என்பது உதிர்தல். மாந்தர் இழிதல் என்பது தரம் தாழ்தல். 'ஒழுக்கமுடைமை' அதிகாரத்தில் (குறள் 133) பிறப்பை இழிவாக்குவது ஒழுக்கக் கேடே என்று முடிவு கூறுகின்றார். அதாவது, வள்ளுவர் கொள்கையில் இழிவு என்பது ஒருவன் தானே செய்து தானே அடைவது. தாயின் வயிற்றிலிருந்து அதைக் கொண்டுவர முடியாது.

இழிவு என்பதற்கு அருகில் 'இளிவு' என்றொரு சொல்லும் உண்டு. மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றை 'இளிவரல்' என்கின்றது தொல்காப்பியம். தன்னைத் தாழ்வாக உணர்தல் என்பது அதன் பொருள். அவ்வுணர்வு பிறக்கும் இடங்கள் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பெரியோர்களே, இந்நான்கினையும் எண்ணிப் பாருங்கள். பிறப்பு என்பது அப்பட்டியலில் இல்லை. இன்ன குடியில் பிறந்தேன் என்பதற்காக ஒருவன் கூனிக் குறுக வேண்டும் என்பது நம் மெய்ப்பாட்டியலுக்குத் தெரியாத செய்தி.

பின்னர் என்ன நிகழ்ந்தது? 'சேரி' என்னும் சொல்லின் கதையே அதனைத் தெளிவாகச் சொல்லிவிடும். 'சேர்' என்னும் வினையடியாகப் பிறந்தது சேரி. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பது பொருள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தல் முறையைக் கூறுகின்றன என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றோம். அக்கல்வெட்டுகள் அந்தப் பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் 12 சேரிகளைப் பற்றிப் பேசுகின்றன. அன்று சேரி என்பதில் தாழ்வேதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலைச் சார்ந்த ஆடல்மகளிர் வாழ்ந்த தெருக்கள் தளிச்சேரி எனப்பட்டன. அதே முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் வரிநீக்கம் பெற்ற நிலங்களைக் குறிக்கும்போது கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி என்று அடுக்கி, 'தீண்டாச்சேரி' என்பதையும் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அச்சொல் கல்லில் வெட்டப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் பிற சேரிகள் தெருவாகவும் வீதியாகவும் அக்கிரகாரமாகவும் பெயர் மாற்றிக்கொண்டன. நம் இருப்பிடம் மட்டுமே சேரியாக எஞ்சியது. அதன்பின் அடைமொழி வேண்டியதில்லை. சேரி என்றாலே நாம் என்றாகிவிட்டது. புதுச்சேரி போன்ற ஊர்ப்பெயர்களில் மட்டும் அச்சொல்லின் பழைய மதிப்பு உறங்குகின்றது.

'பறை' என்பதும் அவ்வாறே. பறைதல் என்றால் சொல்லுதல்; மலையாளத்தார் இன்றும் பேசுவதைப் பறைதல் என்றே கூறுகின்றார்கள். செய்தியை ஊரறியச் சொல்லும் கருவி பறை. அக்கருவியோடு தொடர்புடைய மக்களின் பெயர் ஐரோப்பியர் வாயில் புகுந்து, ஆங்கிலத்தில் 'பரையா' என்று திரிந்து, ஒதுக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. ஒரு நாடு உலக அரங்கில் தனிமைப்பட்டால்கூட அதனைப் 'பரையா' நாடு என்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. எழுதுவோர்க்கு அது ஒரு சொல். அதனைப் படிக்க நேரும் நம் வீட்டுப் பிள்ளைக்கு அது தன் பாட்டனின் பெயர்.

இவ்வாறு இழிந்துவிட்ட சொல்லை என்ன செய்வது? தூக்கி எறிவதா, தூக்கி நிறுத்துவதா? இக்கேள்வியில் நம் முன்னோடிகளிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எந்தப் பெயரால் இகழ்ந்தார்களோ அதே பெயரைத் தலையங்கத்திற்கு மேலே பொறித்து, அஞ்சாமல் நிமிர்ந்து நின்றார். பண்டிதர் அயோத்திதாசரோ அப்பெயரே பகைவர் இட்டது, நம்முடையதன்று என்று மறுத்து, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பிறகு எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால், 1922இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் இடம் பெறலாயிற்று. எம்.சி. ராஜா ஆசிரியப் பணி புரிந்தவர் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் பெருமையுடன் நினைக்கலாம்.

1931இல் இலண்டனில் நடைபெற்ற இரண்டாம் வட்டமேசை மாநாட்டில், அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் அளித்தார்கள். 'தாழ்த்தப்பட்ட வகுப்பினர்' என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலப் பெயர் இழிவும் இகழ்ச்சியும் உடையது, அதனை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. இங்கே ஒரு நுட்பம் இருக்கின்றது. பறையன் என்னும் பெயரைத் தாமே விரும்பி ஏற்ற அதே சீனிவாசன், அரசாங்கம் சூட்டிய பெயரை ஏற்க மறுத்தார். இதில் முரண்பாடு இல்லை. நாமே எடுத்துக்கொண்ட பெயர் வேறு. பிறர் நம்மேல் ஒட்டிய பெயர் வேறு. காந்தியடிகள் வழங்கிய 'அரிசன்' என்னும் பெயரும் நல்லெண்ணத்தோடு தரப்பட்டதே. ஆயினும் அதனைச் சட்டத்தில் நுழைப்பதை எதிர்த்து 1938இல் அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் பம்பாய்ச் சட்டமன்றத்தினின்று வெளிநடப்புச் செய்தார்கள். பெயர் இனிமையானதா என்பதைவிட, பெயரிடும் உரிமை யாருக்கு என்பதே அவர்கள் எழுப்பிய வினா. பின்னர் 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கத்தினால் பரவிய 'தலித்' என்னும் சொல்லுக்கு நொறுக்கப்பட்டவர் என்பது பொருள். அது மக்களே தேர்ந்துகொண்ட சொல்.

கடல் கடந்த தமிழரிடையேயும் இப்போராட்டம் நிகழ்ந்தது. இலங்கையில் 1960களில், உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளில் எழுதிய முற்போக்கு எழுத்தாளர்களின் படைப்புகளை 'இழிசனர் இலக்கியம்' என்று சில பழமைவாதிகள் ஏளனம் செய்தார்கள். புறநானூற்றுச் சொல் ஈராயிரம் ஆண்டு கழித்தும் எறிபடையாகப் பயன்பட்டது. ஆனால் அவ்வேளனத்திற்கு ஆளானவர்களுள் கே. டானியல் 'பஞ்சமர்' புதினத்தை எழுதினார்; டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தினார். இன்று ஈழத்து இலக்கிய வரலாற்றை அவர்களை விலக்கி எழுத இயலாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். சேரி என்னும் சொல் சுடுகின்றது என்று, அரசு கட்டித் தந்த குடியிருப்புகளுக்குக் 'காலனி' என்று பெயர் வந்தது. இலத்தீன் மொழியில் உழவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அச்சொல். புதிய நிலத்தில் குடியேறியவர்களின் ஊர் என்பது பொருள். ஓசூரிலும் பெங்களூரிலும் ஊழியர் காலனி, அலுவலர் காலனி என்றால் வாடகை உயர்கின்றது. ஆனால் நம் கிராமங்களில் 'காலனிக்காரன்' என்றால் பொருள் வேறு. ஒரே சொல் நகரத்தில் தகுதியாகவும் கிராமத்தில் இகழ்ச்சியாகவும் இருக்கின்றது. இந்நிலையை உணர்ந்து, காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்பிரல் 29ஆம் நாள் தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அது வரவேற்கத்தக்க அறிவிப்பு.

ஆனால் ஒரு கேள்வி எழுகின்றது. சேரியை நீக்கிக் காலனி வந்தது, காலனியும் இழிந்தது. நாளை வரும் பெயர் இழியாது என்பதற்கு என்ன உறுதி? சொல் தானாக இழிவதில்லை. அது குறிக்கும் மனிதரைச் சமுதாயம் எந்த இடத்தில் நிறுத்துகின்றதோ, அந்த இடத்திற்குச் சொல்லும் சென்று சேர்கின்றது. நிழலைத் துடைத்துப் பயனில்லை. அதனை வீழ்த்தும் பொருளையே நகர்த்த வேண்டும். அப்படியானால் பெயரை மாற்றவே வேண்டாமா என்றால், அதுவும் தவறு. காயத்தின் காரணத்தைப் போக்கும் வரையில் காயத்திற்கு மருந்திடாமல் இருப்பார் உண்டோ? பெயர் மாற்றம் மருந்து. நிலமும் வேலையும் கல்வியும் சம மதிப்புமே நோய் தீர்க்கும் வழி. இரண்டும் வேண்டும்.

பள்ளிக்கூடம் இதில் என்ன செய்கின்றது? நான் மாணவனாக இருந்த பள்ளி ஒன்றில், உதவித்தொகை வரும் நாளில் ஆசிரியர் வகுப்பில் நின்று 'சேரிப் பிள்ளைகளெல்லாம் எழுந்து நில்லுங்கள்' என்பார். நாங்கள் எழுந்து நிற்போம். ஐம்பது பிள்ளைகளின் கண்கள் எங்கள்மேல் இருக்கும். அவர் கொடிய மனிதர் அல்லர். எங்களுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்றே அவ்வாறு செய்தார். ஆயினும் அந்தத் தொகையைக் கையில் வாங்கும்போது, அதனினும் பெரிய ஒன்றை நாங்கள் செலுத்திவிட்டே வாங்கினோம். எழுந்து நிற்க மனமின்றி உதவித்தொகையே வேண்டாம் என்று இருந்துவிட்ட நண்பனும் உண்டு. அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். ஒரு சொல் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் வலிமை உடையது என்பதை நான் நூலிலிருந்து அறியவில்லை.

அதனால் நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற நாள் முதல், உதவித்தொகைப் படிவங்கள் வகுப்பில் வாசிக்கப்படுவதில்லை. பெற்றோரையோ மாணவரையோ தனித்தனியே அழைத்துக் கையெழுத்துப் பெறுகின்றோம். சற்றுக் கூடுதலாக நேரம் செலவாகின்றது, அவ்வளவே. நீதிநாயகம் சந்துரு அவர்கள் தலைமையிலான குழு, பள்ளிகளின் பெயர்களில் சாதிச்சொற்கள் இருத்தல் கூடாது என்று 2024 சூனில் அரசுக்குப் பரிந்துரைத்தது. மாணவர் விடுதிகள் 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என்று 2025 சூலையில் அரசு அறிவித்தது. பலகைகள் மாறட்டும். பலகைக்குக் கீழே அமர்ந்திருக்கும் நம் நாவும் மாற வேண்டும்.

இழிந்த சொல் மீண்டும் உயர முடியுமா? முடியும் என்பதற்குப் பறையே சான்று. இந்த அவையிலுள்ள முதியோர் சிலர், சாவு வீட்டில் கட்டாயமாகப் பறையடிக்க மாட்டோம் என்று அக்கருவியைக் கீழே வைத்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் சிலர் அதே பறையை மேடையில் விரும்பி முழக்குகின்றார்கள். தாத்தா வைத்ததும் சரியே. பேரன் எடுத்ததும் சரியே. தாத்தா மறுத்தது அடிமை வேலையை. பேரன் ஏற்றது கலையை. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, பறை என்னும் சொல்லும் ஒரு படி உயர்ந்தது.

இறுதியாக ஓர் இலக்கணக் குறிப்பைக் கூறி அமைகின்றேன். இழிந்தான் என்பது தன்வினை. இழித்தான் என்பது பிறவினை. அவ்வாறே தாழ்ந்தான் தன்வினை, தாழ்த்தினான் பிறவினை. திருந்தினான், திருத்தினான் என்பவற்றைப் போல, இங்கும் மெல்லின மெய் வல்லின மெய்யாக மாறும்போது செய்பவன் மாறிவிடுகின்றான். 'தாழ்ந்த சாதி' என்று ஒருவர் கூறினால், அம்மக்கள் தாமே தாழ்ந்தார்கள் என்று பொருள்படும். 'தாழ்த்தப்பட்டோர்' என்றால் அது செயப்பாட்டுவினை. தாழ்த்தியவர் ஒருவர் இருந்தார் என்பது அதிலேயே அடங்கும். செயப்பாட்டுவினை வாக்கியத்தைக் கண்டால் 'யாரால்?' என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம். அக்கேள்வியைத் தேர்வுத்தாளோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பிள்ளைகளுள் எவரேனும் 'நாம் இழிந்தவர்களா?' என்று கேட்டால், 'இல்லை, இழிக்கப்பட்டவர்கள்' என்று இலக்கணத்தோடு விடை கூறுங்கள். யாரால், எவ்வாறு, எதற்காக என்னும் கேள்விகளுக்கு விடைகாண அவர்களைப் படிக்க வையுங்கள்.

சட்டமும் இவ்விலக்கணத்தை அறிந்தே இருக்கின்றது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும், பொதுமக்கள் பார்வையில் ஒருவரைச் சாதிப் பெயரால் இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கின்றன. குற்றம் இழிவுபடுத்தியவருடையது, இழிவும் அவருக்கே உரியது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாதியைச் சுட்டும் எந்தச் சொல்லையும் பெயருக்குப் பதிலாக வகுப்பறையில் வழங்காதீர்கள். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொருள் தெரியாத வசையைப் பிள்ளை கேட்டுவந்து சொன்னால், வாயை அடைக்காமல் அச்சொல்லின் வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். மாணவர்களே, உங்களுக்கு ஒன்று: 'கீழ்' என்னும் சொல்லை எவரேனும் உங்கள்மீது எறிந்தால், அதிலிருந்து பிறந்ததே 'கிழக்கு' என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழகத்தின் நிலம் கிழக்கே சரிந்து கீழாக இருப்பதால் அத்திசை அப்பெயர் பெற்றது. கதிரவன் எழுவதும் அத்திசையில்தான்.

இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் ஏற்றிய விளக்குகள் பல. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், 'இழிதல்' என்னும் சொல் நம் பிள்ளைகளுக்கு அருவியின் இயக்கமாக மட்டுமே தெரியும் ஒரு காலத்தை உருவாக்க இக்கழகம் உழைக்கட்டும் என்று வாழ்த்துகின்றேன்.